நூற்று நாற்பது கிராம்

பெல்சிட்டா மஸ்கட்டிலிருந்து பேசி அனுப்பியிருந்தாள்:
இரண்டு கப் மைதா, ஒரு கப் சர்க்கரை,
அரைக் கப் தேன், முக்கால் கப் வெண்ணெய்.
எந்தக் கப் என்று கேட்டேன்.
"கப்புன்னா கப்புதான் மைனி."

எங்கள் வீட்டில் ஏழு இருக்கின்றன.
சங்கத்து வெள்ளிவிழாவில் தந்தது,
சோப்புத்தூளுடன் சும்மா வந்தது,
காது உடைந்து பல்துலக்கும் பிரஷ்களைத் தாங்குவது.
ஒன்றை நிறைத்த தண்ணீர்
இன்னொன்றில் வழிகிறது.

பகலில் நான் குலசேகரத்தில்
ரப்பர் பால் எடுக்கும் கொட்டகையில் கணக்கு எழுதுகிறவள்.
லிட்டரை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
பத்தரைக்கு வாளிகள் வந்து நிற்கும்.
எல்லாம் வெள்ளை, எல்லாம் விளிம்புவரை.
மெட்ரோலாக்கை மிதக்கவிட்டுக் குனிந்து பார்ப்பேன்.
சிலதில் முப்பத்தெட்டு.
மழை விழுந்ததில் இருபத்தாறு.
கோலப்பன் கொண்டுவருவதில்
மழையில்லாத நாளிலும் இருபத்தாறு.
அவர் ஒன்றும் சொல்வதில்லை, நான் ஒன்றும் கேட்பதில்லை.
எழுதிவிடுவேன்.

அப்படிப்பட்டவள்தான்
முதல் கேக்குக்கு மைதாவை அரிசிபோல் அளந்தேன்.
டப்பாவுக்குள் கப்பைக் குத்தி இறக்கி,
தரையில் இரண்டு தட்டு,
அதன்மேல் கூம்பாக ஒரு குவியல்.
தலைதட்டி அளந்தால் கஞ்சத்தனம் என்று வளர்ந்த கை.
ஓவனிலிருந்து வந்ததைத்
தேங்காய் உடைக்கத் தரச்சொல்லிக் கேட்டான் ஸ்டான்லி.

அந்த வாரமே மார்த்தாண்டத்தில்
ஒரு தராசு வாங்கினேன், கைப்பை அகலம்.
கிண்ணத்தை வைத்துப் பொத்தானை அழுத்தினால்
கிண்ணம் இல்லை என்றாகிவிடுகிறது.
கூட்டுறவு வங்கிக் கடனுக்கு இப்படி ஒரு பொத்தான் கிடையாது.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.
அதே கப், அதே மைதா.
குத்தி அள்ளினால் நூற்றைம்பது.
கரண்டியால் தூவி, கத்தி முதுகால் வழித்தால் நூற்றிருபது.
சலித்து, தானாக விழவிட்டால் நூற்றுப்பத்து.
இடையில் இருந்தது வெறும் காற்று,
அதைத்தான் நான் இரண்டு தட்டுத் தட்டி விரட்டியிருக்கிறேன்.
சர்க்கரை எப்படி அள்ளினாலும் இருநூறு பக்கம்,
பிடிவாதக்காரி.
கோகோ தொண்ணூறைத் தாண்டவில்லை.
தேன் முன்னூற்று நாற்பது.

தேன்...
போன வருஷம் ஒரு கிலோ என்று வாங்கிய குப்பியில்
முக்கால் லிட்டர்கூட இல்லை என்று
கடைக்காரரிடம் சண்டை போட்டேன்,
பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்க.
அந்த மனுஷர் ஒரு வார்த்தை பேசவில்லை.
நான்,
தினமும் மெட்ரோலாக் பார்க்கிறவள்.

காலண்டர் தாளின் பின்புறம் எல்லாம் எழுதி
ஓவனுக்கு மேலே ஒட்டினேன்.
மேலே தலைப்பு: எனக்க கப்பு.

மகள் பிளஸ்டூ தேறியதற்குக்
கேக் சொன்னார் கோலப்பன்.
"சரியா ஒரு கிலோ இருக்கணும், கேட்டியா?"

கலவை ஆயிரத்து நூறு கிராம்.
நானே பார்த்து ஊற்றினேன்.
நாற்பத்தைந்து நிமிஷம் கழித்து
தகரத்தைக் கவிழ்த்து, ஆறவிட்டு, நிறுத்தால்
தொள்ளாயிரத்து அறுபது.
தராசை அணைத்துப் போட்டேன்.
தொள்ளாயிரத்து அறுபது.
மீதி ஜன்னல் வழியாக மரச்சீனி விளைக்குள் போய்,
அதற்கப்பால் ரோட்டில்
டியூஷன் முடிந்த பிள்ளைகள் சைக்கிளை மெதுவாக்குவது தெரிந்தது.

மேலே கொஞ்சம் கிரீமைப் பூசி
நாற்பதை நிரப்பியிருக்கலாம்.
யாருக்குத் தெரியப்போகிறது?

பில்லில் 960 என்றே எழுதினேன்.
கோலப்பன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.
"ஒரு கிலோல்லா சொன்னேன்."
"வேகும்போது போச்சு அண்ணே."
"என்னத்தப் போச்சு?"
"தண்ணி."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.
அவருடைய வாளி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்,
விளிம்புவரை.
அவர் பணத்தை எண்ணினார்,
தொள்ளாயிரத்து அறுபதுக்கு எவ்வளவோ அவ்வளவு.
ஒரு ரூபாய்ச் சில்லறைக்குப் பையைத் துழாவினார்.

மறுநாள் அவர் பால் முப்பத்தொன்று.
கருவியைத் துடைத்து மறுபடி மிதக்கவிட்டேன்.
முப்பத்தொன்றுதான்.
மழை விட்டு ஒரு வாரமாகிறது,
அதுவாகவும் இருக்கலாம்.
எழுதிவிட்டேன்.